வலையமைப்புகளையும் பகிர்ந்தியங்கும் கணினி அமைப்புகளையும் சிமுலேஷன் செய்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திட்டப்பணிக்காகச் சிமுலேட்டரை முதன்முறையாகத் திறக்கும் பொறியியல் மாணவர்களும், எத்தனை இணைப்புகள், எத்தனை சர்வர்கள் வாங்க வேண்டும் என்று கணக்கிட்டுச் சொல்லும் பொறுப்பில் இருப்பவர்களும் வழக்கமாக எழுப்பும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது.

உண்மையான ரூட்டர்களும் சர்வர்களும் இருக்கும்போது, அவற்றின் மாதிரியைக் கணினியில் அமைத்து ஓட்டிப் பார்க்கும் சிமுலேஷன் எதற்கு? நேராக அளந்துவிடலாமே?

அளக்க முடிந்த இடத்தில் அளப்பதே நல்லது. ஆனால் இன்னும் கட்டப்படாத தரவு மையத்தையோ வாங்கப்படாத இணைப்பையோ அளக்க முடியாது. இருக்கும் அமைப்பிலும் நினைத்ததையெல்லாம் செய்து பார்க்க முடியாது. வாடிக்கையாளர்கள் பயன்படுத்திக்கொண்டிருக்கும் இணைப்பைத் துண்டித்து, மாற்றுப் பாதைக்குப் போக எத்தனை நொடி ஆகிறது என்று பார்க்க எந்த மேலாளரும் அனுமதி தரமாட்டார். மூன்றாவது காரணம் பலருக்கு உடனே தோன்றுவதில்லை: உண்மை வலையமைப்பில் ஒரே சூழல் இரண்டு முறை வருவதில்லை. பழைய அமைப்பை நேற்றும் புதிய அமைப்பை இன்றும் அளந்தால், கிடைத்த வேறுபாடு அமைப்பால் வந்ததா, போக்குவரத்து மாறியதால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. சிமுலேஷனில் இரண்டுக்கும் அதே போக்குவரத்தை, பாக்கெட்டுக்குப் பாக்கெட் (வலையமைப்பில் தரவு செல்லும் சிறு துண்டு) மாறாமல் கொடுக்கலாம்.

ஒவ்வோர் உறுப்பும் சரியாக இயங்கியும் மொத்த அமைப்பு சீர்குலைவதுண்டு. 1986 அக்டோபரில் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும், வெறும் 400 கஜ தூரத்தில் இருந்த கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் இடையிலான வேகம், நொடிக்கு 32 கிலோபிட்டிலிருந்து 40 பிட்டுக்குச் சரிந்தது. பாக்கெட் தொலைந்தால் மீண்டும் அனுப்பு என்ற விதியை எல்லாக் கணினிகளும் ஒழுங்காகப் பின்பற்றின. ஏற்கெனவே நிரம்பி வழிந்த வரிசைகளுக்குள் அதே பாக்கெட்டுகளைத் திரும்பத் திரும்பத் திணித்ததுதான் அதன் விளைவு. 1988-இல் வான் ஜேகப்சன் வெளியிட்ட நெரிசல் கட்டுப்பாட்டு முறைகள் இதிலிருந்தே பிறந்தன. இத்தகைய கூட்டு நடத்தையை ஒரு கருவியைத் தனியே அளந்து கண்டுபிடிக்க இயலாது.

காகிதக் கணக்கு, சிமுலேஷன், எமுலேஷன்: எதை எப்போது தேர்ந்தெடுப்பது?

கணக்கில் முடிவதைக் கணக்கிலேயே முடிப்பது நல்லது. சில நிமிடங்களில் விடை வருவதோடு, எந்த அளவு மாறினால் விடை எவ்வளவு மாறும் என்பதையும் சூத்திரமே காட்டிவிடும். அனுமானங்கள் கட்டுமீறிப் போகும் இடத்தில் சிமுலேஷனுக்குப் போகலாம். எமுலேஷன் என்பது உண்மையான மென்பொருளைப் போலியான வலையமைப்பின் மேல் ஓட்டுவது. லினக்ஸில் மினிநெட், நெட்எம் ஆகியவை இவ்வகை.

எமுலேஷனில் ஓடுவது உண்மைக் கடிகாரம் என்பதை மறந்துவிடக் கூடாது. நான்கு கோர்கள் கொண்ட மடிக்கணினியில் பத்து 1 கிகாபிட் இணைப்புகளை உருவாக்கி முழுச்சுமையில் ஓட்டினால், செயலி திணறும். அந்தத் திணறல் வலையமைப்பின் தாமதமாக முடிவில் பதிவாகும். எச்சரிக்கை எதுவும் வராது. சிமுலேஷனில் இந்தச் சிக்கல் இல்லை. செயலி மெதுவாக இருந்தால் ஓட்டம் முடிய நேரம் ஆகுமே தவிர, விடை மாறாது.

எர்லாங் சூத்திரம் நூறாண்டு பழையது. அது இன்னும் பயன்படுமா?

நிச்சயமாகப் பயன்படும். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய ஏ.கே. எர்லாங், அழைப்புகளின் வருகை பாய்சான் பரவலைப் (ஒன்றையொன்று சாராமல் சமவாய்ப்பாக வருவது) பின்பற்றுகிறது என்பதை 1909-இலும், அழைப்பு மறுக்கப்படும் வாய்ப்பைக் கணிக்கும் சூத்திரத்தை 1917-இலும் வெளியிட்டார். ஓர் அலுவலகத்துக்கு மணிக்கு 200 அழைப்புகள் வருகின்றன, ஒவ்வொன்றும் சராசரியாக 3 நிமிடம் நீடிக்கிறது என்றால், சுமை 10 எர்லாங். சராசரியாக 10 இணைப்புகள்தானே பயன்பாட்டில் இருக்கும் என்று 10 இணைப்புகளே வைத்தால், 21 விழுக்காடு அழைப்புகள் திருப்பப்படும். 15 வைத்தால் அது 3.6 விழுக்காடாகக் குறையும். 1 விழுக்காட்டுக்குக் கீழே கொண்டுவர 18 தேவை.

சுமை பத்து மடங்காகி 100 எர்லாங் ஆனால் 180 இணைப்புகள் வேண்டுமா என்றால், வேண்டாம், 117 போதும். பெரிய கூட்டத்தில் ஏற்ற இறக்கங்கள் ஒன்றையொன்று சமன்செய்துகொள்வதே காரணம். கிளைக்குக் கிளை தனித்தனி இணைப்புகளை வைப்பதைவிட ஒரே இடத்தில் திரட்டி வைப்பது சிக்கனம் என்ற முடிவு இதிலிருந்து வருகிறது. இதற்குச் சிமுலேட்டர் தேவையில்லை. சூத்திரத்தை ஒரு விரிதாளில் எழுதிவிடலாம்.

வரிசைக் கோட்பாட்டில் குறைந்தபட்சம் எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்?

இரண்டு செய்திகள் போதும் என்பது என் கருத்து. முதலாவது, ஜான் லிட்டில் 1961-இல் நிறுவிய விதி: நிலையாக இயங்கும் எந்த அமைப்பிலும், உள்ளே இருப்பவற்றின் சராசரி எண்ணிக்கை, வருகை வீதத்தையும் ஒவ்வொன்றும் உள்ளே கழிக்கும் சராசரி நேரத்தையும் பெருக்கக் கிடைப்பதாகும். நொடிக்கு 500 கோரிக்கைகள் வரும் சர்வரில் ஒவ்வொன்றும் 40 மில்லிநொடி தங்கினால், எந்த நேரத்திலும் சராசரியாக 20 கோரிக்கைகள் உள்ளே இருக்கும். வருகை எந்தப் பரவலில் அமைந்தாலும், எந்த ஒழுங்கில் கவனிக்கப்பட்டாலும் இது பொருந்தும்.

இரண்டாவது, எம்/எம்/1 எனப்படும் எளிய வரிசை: பாய்சான் வருகை, அடுக்குக்குறிப் பரவலில் சேவை நேரம், ஒரே சேவையகம். நொடிக்கு 10 மெகாபிட் இணைப்பில் சராசரி 1,250 பைட் பாக்கெட் போக 1 மில்லிநொடி ஆகும். அதாவது நொடிக்கு 1,000 பாக்கெட் அதன் கொள்ளளவு. நொடிக்கு 500 வந்தால் காத்திருப்பும் அனுப்பும் நேரமும் சேர்ந்த சராசரித் தாமதம் 2 மில்லிநொடி. 800 வந்தால் 5. 900 வந்தால் 10. 990 வந்தால் 100. அரைச் சுமையிலிருந்து 90 விழுக்காட்டுக்குப் போகும்போது தாமதம் ஐந்து மடங்குதான் கூடுகிறது. மிஞ்சிய ஒன்பது விழுக்காட்டில் அது பத்து மடங்காகிறது. இணைப்பில் இன்னும் பத்து விழுக்காடு மிச்சம் இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கு இந்த எண்களைக் காட்டலாம்.

எல்லாப் பாக்கெட்டும் ஒரே அளவு என்று கொண்டால் காத்திருப்பு சரிபாதியாகும்: 90 விழுக்காட்டுச் சுமையில் மொத்தத் தாமதம் 10-க்குப் பதிலாக 5.5 மில்லிநொடி. தாமதத்தைத் தீர்மானிப்பதில் சராசரியோடு ஏற்றத்தாழ்வுக்கும் பங்கு உண்டு என்பதற்கு இதைவிட எளிய சான்று இல்லை.

இணையப் போக்குவரத்து பாய்சான் அல்ல என்று நிறுவப்பட்டுவிட்டதே?

ஆம். அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வகத்தில் 1989 முதல் 1992 வரை பதிவுசெய்த ஈத்தர்நெட் போக்குவரத்தை லேலண்ட், தக்கு, வில்லிங்கர், வில்சன் ஆகிய நால்வர் ஆராய்ந்தனர். பாய்சான் வருகையாக இருந்தால், பத்து மில்லிநொடிக் கூறுகளில் ஏற்ற இறக்கமாகத் தெரிவது நூறு நொடிக் கூறுகளில் ஏறக்குறைய சமமாகிவிட வேண்டும். அவர்கள் கண்டது வேறு: எந்தக் கால அளவில் பார்த்தாலும் அதே மேடு பள்ளங்கள் தொடர்ந்தன. ஒருசில மிகப் பெரிய கோப்புகளும் மிக நீண்ட தொடர்புகளும் மொத்தப் போக்குவரத்தின் பெரும்பங்கை எடுத்துக்கொள்வது இதற்கு முக்கியக் காரணம். 1995-இல் பாக்ஸனும் சாலி ஃபிளாய்டும் தொலைதூர இணைப்புகளிலும் இதையே காட்டினர்.

ஆனால் பாய்சானை மூட்டைகட்டிவிட வேண்டியதில்லை. பாக்ஸன், ஃபிளாய்டு ஆய்விலேயே, பயனர் தொடங்கும் அமர்வுகளின் வருகைக்கு அது பொருந்தவே செய்தது. அமர்வுக்குள் பாக்கெட்டுகள் வரும் விதத்துக்குத்தான் பொருந்தவில்லை. ஆகவே அமர்வுகளைப் பாய்சானாகவும், அமர்வின் அளவைப் பரேட்டோ போன்ற நீள்வால் பரவலாகவும் (மிகப் பெரிய அளவுகளும் அவ்வப்போது வருவது) வைத்து, பாக்கெட்டுகளை, நெரிசலுக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டி.சி.பி. நெறிமுறையே அனுப்பிக்கொள்ளும்படி விடுவது பொருத்தமான வழி. பதிவுசெய்த பாக்கெட்டுகளை அப்படியே மீண்டும் ஓட்டுவது உண்மைக்கு நெருக்கமாகத் தோன்றும். ஆனால் புதிய அமைப்பில் நெரிசல் ஏற்பட்டால் உண்மை டி.சி.பி. வேகத்தைக் குறைத்திருக்கும், பதிவோ குறைக்காது.

சிமுலேட்டருக்கு உள்ளே நேரம் எப்படி நகர்கிறது?

நொடிமுள் போல நகர்வதில்லை. நிகழ்விலிருந்து நிகழ்வுக்குத் தாவுகிறது. மேலே சொன்ன இணைப்பில், எல்லாப் பாக்கெட்டும் 1,250 பைட் என்று வைத்துக்கொண்டு கையால் ஓட்டிப் பார்க்கலாம். 0 மில்லிநொடியில் முதல் பாக்கெட் வருகிறது. இணைப்பு சும்மா இருப்பதால் அனுப்புதல் தொடங்குகிறது, "1.0-இல் முதல் பாக்கெட் வெளியேறும்" என்றும், "0.4-இல் இரண்டாவது வரும்" என்றும் இரு நிகழ்வுகள் பட்டியலில் சேர்கின்றன. கடிகாரம் நேரே 0.4-க்குத் தாவுகிறது. இரண்டாவது பாக்கெட் வரிசையில் நிற்கிறது, "2.3-இல் மூன்றாவது வரும்" என்பது பட்டியலில் சேர்கிறது. கடிகாரம் 1.0: முதலாவது வெளியேற, இரண்டாவது தொடங்குகிறது, அதன் வெளியேற்றம் 2.0-க்குக் குறிக்கப்படுகிறது. கடிகாரம் 2.0: இரண்டாவது வெளியேறுகிறது, அதன் தாமதம் 1.6 மில்லிநொடி. பிறகு ஒன்றும் நடக்காததால் கடிகாரம் 2.3-க்குப் போய்விடும்.

எல்லாச் சிமுலேட்டர்களின் மையமும் இதுதான். அடுத்த நிகழ்வை விரைவாக எடுப்பதற்காகப் பட்டியல், மிகச் சிறிய எண்ணை உடனே எடுத்துத் தரும் ஹீப் போன்ற அமைப்பில் வைக்கப்படும். ஒரே கணத்தில் இரு நிகழ்வுகள் வந்தால் எது முதலில் என்பதற்கும் விதி வேண்டும்; இல்லாவிட்டால் ஒரே நிரல் இரு கணினிகளில் இரு விடைகளைத் தரும். என்.எஸ்-3 என்ற சிமுலேட்டர் நேரத்தை நானோநொடிகளின் முழு எண்ணாகவே வைத்திருப்பதற்கும், தசம எண்களின் நுண்ணிய பிழைகளால் இந்த வரிசை குலையக் கூடாது என்பதே முக்கியக் காரணம்.

எவ்வளவு விவரத்தைச் சேர்க்க வேண்டும்?

கேள்விக்கு விடை தரத் தேவையான அளவு மட்டும். அதிக விவரம் சேர்த்தால் துல்லியம் கூடும் என்ற நம்பிக்கைதான் இத்துறையில் மிகுதியான நேரத்தை வீணாக்குகிறது. சேர்க்கும் ஒவ்வொரு விவரமும் நாம் அறியாத இன்னோர் அளவுருவைக் கொண்டுவருகிறது.

சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே 2002-இல் இயங்கத் தொடங்கிய ஐ2ஐ கடலடிக் கேபிள் ஏறத்தாழ 3,200 கி.மீ. நீளமுடையது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கி.மீ. செல்வதால், ஒருவழிக்கு 16, போய்வர 32 மில்லிநொடி ஆகும். நொடிக்கு 1 கிகாபிட் வேகம் வாங்கியிருந்தும் கோப்பு மெதுவாகவே போகிறது என்று ஒருவர் முறையிட்டால், சிமுலேட்டரைத் திறக்கும் முன் ஒரு வகுத்தல் செய்து பார்க்கலாம். டி.சி.பி. சாளரம் (பெற்றுக்கொண்டதாகப் பதில் வருமுன் அனுப்பக்கூடிய தரவின் அளவு) பழைய உச்சவரம்பான 65,535 பைட்டிலேயே நின்றுவிட்டால், 32 மில்லிநொடிக்கு ஒரு சாளரம்தான் போகும். வேகம் நொடிக்கு 16.4 மெகாபிட்டைத் தாண்டாது. இணைப்பு நிறைய வேண்டுமானால் 4 மெகாபைட் சாளரம் தேவை. விடை கிடைத்துவிட்டது, ரூட்டரின் உள்ளமைப்பையெல்லாம் மாதிரியாக்க வேண்டிய அவசியமே எழவில்லை.

விவரத்துக்கு விலையும் உண்டு. 10 கிகாபிட் இணைப்பில் 1,500 பைட் பாக்கெட்டுகள் நொடிக்கு 8,33,000-க்கு மேல் போகும். ஒவ்வொன்றும் ஐந்து தாவல்கள் (வழியில் கடக்கும் இணைப்புகள்), தாவலுக்கு இரண்டு நிகழ்வுகள் என்றால், ஒரு நொடிக்கு 83 லட்சம் நிகழ்வுகள். நொடிக்குப் பத்து லட்சம் நிகழ்வுகளைக் கையாளும் நிரலில், இப்படி ஆயிரம் தரவோட்டங்கள் கொண்ட தரவு மையத்தின் ஒரே ஒரு நொடியை ஓட்டி முடிக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். அத்தகைய இடங்களில் பாக்கெட்டுகளை விட்டுவிட்டுத் தரவோட்டங்களை மட்டும் கணக்கில் கொள்ளும் சிம்கிரிட் போன்ற கருவிகள் பொருத்தமானவை.

எந்தச் சிமுலேட்டரைக் கற்பது?

நெறிமுறை ஆய்வுக்கு என்.எஸ்-3 அல்லது ஓம்நெட்++. முன்னது 2008-இல் முதலில் வெளியான கட்டற்ற மென்பொருள், சி++ மொழியில் எழுதப்பட்டது. புடாபெஸ்டில் ஆண்ட்ராஷ் வர்கா உருவாக்கிய பின்னது வரைபட வசதி மிக்கது, கல்விப் பயன்பாட்டுக்கு இலவசம். பாக்கெட்டுகள் நகர்வதைக் கண்ணால் பார்த்துக் கற்க நினைப்பவர்களுக்கு அதுவே எளிது. வணிகக் கருவிகளில், பெங்களூரின் டெட்காஸ் நிறுவனம் வெளியிடும் நெட்சிம் இருக்கிறது. மேகக் கணிமையில் வளங்களைப் பங்கிடும் ஆய்வுக்கு மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் உருவான கிளவுட்சிம். ஒரே ஒரு வரிசையையோ சில சர்வர்களையோ ஆராய, பைத்தானில் சிம்பை போதும். பலருக்கு இதுவே போதுமானது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கல்லூரிகளில் இன்னும் என்.எஸ்-2 சொல்லித்தரப்படுகிறது. அதன் நிரல்கள் என்.எஸ்-3-இல் ஓடா, இரண்டும் வேறு வேறு மென்பொருள்கள். புதிதாகத் தொடங்குபவர் என்.எஸ்-2-ஐத் தேர்ந்தெடுக்கக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

சமவாய்ப்பு எண்களில் கவனிக்க வேண்டியது என்ன?

என்.எஸ்-3 பயன்படுத்தும் லெக்யூயேயின் எண்ணாக்கி நம்பகமானது. ஒன்றோடொன்று மேற்படியாத எண்ணற்ற தொடர்களாக அது பிரிக்கப்பட்டுள்ளது. அங்கே விதையை (எண் தொடரைத் தொடங்கிவைக்கும் எண்) மாற்றுவதைவிட, விதையை அப்படியே வைத்துக்கொண்டு, இது எத்தனையாவது ஓட்டம் என்று குறிக்கும் ஓட்ட எண்ணை மாற்றுவதுதான் முறை. இரண்டையும் மாற்றாமல் பத்து முறை ஓட்டிவிட்டு, பத்து முறையும் ஒரே விடை வருகிறது, எனவே முடிவு உறுதியானது என்று எழுதிய திட்டப்பணி அறிக்கைகளைப் பார்த்திருக்கிறேன்.

வருகைக்கு ஒரு தொடர், சேவை நேரத்துக்கு ஒரு தொடர், பழுதுகளுக்கு ஒரு தொடர் என்று தனித்தனியே ஒதுக்குவதும் நல்லது. அப்போது நெறிமுறையை மாற்றினாலும் வருகை மாறாது; இரு நெறிமுறைகளும் ஒரே போக்குவரத்தைச் சந்தித்தன என்று உறுதியாகச் சொல்லலாம்.

எத்தனை முறை, எவ்வளவு நேரம் ஓட்டினால் போதும்?

இதற்கு ஒற்றை எண்ணை விடையாகத் தர முடியாது. அமைப்பின் சுமைதான் தீர்மானிக்கிறது. வெறும் வரிசையோடு தொடங்கும் அமைப்பு, தன் இயல்பு நிலையை அடைய எடுத்துக்கொள்ளும் காலத்தை எம்/எம்/1-க்குக் கணக்கிட்டிருக்கிறார்கள். அரைச் சுமையில் அது 12 சேவை நேரங்கள் அளவு. 90 விழுக்காட்டில் சுமார் 380. 99 விழுக்காட்டில் சுமார் 40,000. சேவை நேரம் 1 மில்லிநொடி என்றால், தொடக்க நிலையின் தாக்கம் ஒரு படி தணியவே 40 நொடி ஆகிறது. 99 விழுக்காட்டுச் சுமையை 10 நொடி ஓட்டிச் சராசரி எடுப்பவருக்கு 100 மில்லிநொடிக்குப் பதிலாக மிகச் சிறிய எண்தான் கிடைக்கும். தொடக்கப் பகுதியை நீக்கிவிட்டு அளப்பது இதனால்தான்.

ஓட்டங்களைப் பொறுத்தவரை, வெவ்வேறு ஓட்ட எண்களோடு குறைந்தது பத்து முறையாவது ஓட்டி, ஒவ்வொன்றின் சராசரியையும் ஒரு மாதிரிப் புள்ளியாகக் கொண்டு, 95 விழுக்காட்டு நம்பிக்கை இடைவெளியைக் கணக்கிட வேண்டும். பத்துப் புள்ளிகளுக்கு ஸ்டூடன்ட் பரவலின் பெருக்கி 2.262. இடைவெளியைப் பாதியாக்க வேண்டுமானால் நான்கு மடங்கு ஓட்டங்கள் தேவை. ஒரே ஓட்டத்தில் கிடைத்த பத்து லட்சம் பாக்கெட்டுகளைப் பத்து லட்சம் தனித்த அளவீடுகளாகக் கொள்வது பெரும் பிழை. அடுத்தடுத்த பாக்கெட்டுகள் ஒரே வரிசையில் நின்றவை, அவற்றின் தாமதங்கள் ஒன்றையொன்று சார்ந்தவை.

அரிய நிகழ்வுகளுக்கு இந்த முறையே கைகொடுக்காது. நூறு கோடியில் ஒன்று என்ற வீதத்தில் தொலையும் பாக்கெட்டுகளில் நூறையாவது பார்க்க, பத்தாயிரம் கோடிப் பாக்கெட்டுகளை அனுப்ப வேண்டும். அரிய நிகழ்வை வேண்டுமென்றே அடிக்கடி நிகழச் செய்து, பின்னர் எடையிட்டுத் திருத்தும் முறைகள் இதற்கென உள்ளன.

நகரும் கருவிகளை மாதிரியாக்குவதில் தனியான சிக்கல் உண்டா?

உண்டு, ஒன்றை மட்டும் சொல்கிறேன். கருவி ஓர் இடத்தைச் சமவாய்ப்பாகத் தேர்ந்து, ஒரு வேகத்தையும் சமவாய்ப்பாகத் தேர்ந்து, அங்கே போய்ச் சேர்ந்ததும் அடுத்த இடத்தைத் தேர்கிறது என்ற மாதிரி பல ஆண்டுகள் எல்லோராலும் பயன்படுத்தப்பட்டது. குறைந்தபட்ச வேகத்தைச் சுழியம் என்று வைத்தால், ஓட்டம் நீள நீளச் சராசரி வேகம் சுழியத்தை நோக்கி இறங்கிக்கொண்டே போகும் என்று 2003-இல் யூன், லியு, நோபிள் ஆகியோர் காட்டினர். மெதுவான வேகத்தைத் தேர்ந்த கருவி அந்தப் பயணத்தில் நெடுநேரம் சிக்கிக்கொள்கிறது. விரைவானதோ உடனே முடித்துவிட்டு மறுபடி தேர்ந்தெடுக்கிறது. காலப்போக்கில் மெதுவாக ஊர்பவையே மிஞ்சுகின்றன. வேகத்தை நொடிக்கு 1 முதல் 19 மீட்டர் வரை வைத்தாலும், சராசரி 10 என்று எதிர்பார்த்த இடத்தில் நிலைபெறுவது 6.1 மீட்டர்தான்.

பகிர்ந்தியங்கும் அமைப்புகளுக்கும் இதே முறைகள் போதுமா?

வேகம், கொள்ளளவு பற்றிய கேள்விகளுக்குப் பெரும்பாலும் போதும். ஒரு சர்வர் நூறில் ஒரு முறை மட்டும் ஒரு நொடிக்கு மேல் எடுத்துக்கொள்கிறது என்றால் குறையாகத் தெரியாது. ஆனால் ஒரு கோரிக்கைக்கு விடை சொல்ல அப்படிப்பட்ட நூறு சர்வர்களையும் கேட்டு, எல்லோரின் பதிலுக்கும் காத்திருக்க வேண்டுமானால், 63 விழுக்காடு கோரிக்கைகள் ஒரு நொடியைத் தாண்டும். சர்வர்கள் ஒன்றையொன்று சாராமல் தாமதமாகின்றன என்பது இக்கணக்கின் அனுமானம். பொதுவான ஒரு ஸ்விட்ச் திணறினால் எல்லாம் சேர்ந்தே தாமதமாகும், அப்போது கணக்கு வேறு.

சரியாக இயங்குமா என்ற கேள்விக்குத்தான் சிமுலேஷன் போதாது. செய்திகள் எந்த ஒழுங்கிலும் வரலாம், எந்தக் கணத்திலும் ஒரு கணினி விழலாம். இவற்றின் சேர்க்கைகளில் மிகச் சிறு பங்கையே சமவாய்ப்பு ஓட்டங்கள் தொட்டுப் பார்க்கும். கோர்ட் என்ற நெறிமுறையின் கதை இதற்குத் தக்க சான்று. ஆயிரக்கணக்கான கணினிகளை ஒரு வளையமாக அமைத்துத் தரவைத் தேடும் இந்நெறிமுறை 2001-இல் வெளியானது. சிமுலேஷன் முடிவுகளும் நிரூபணங்களும் அதற்குத் துணையாக இருந்தன, எண்ணற்ற பிற ஆய்வுகள் அதன் மேல் எழுந்தன. ஏ.டி.&டி. ஆய்வகத்தின் பமேலா சேவ், அலாய் என்ற கருவியில் சிறிய முறைசார் மாதிரி ஒன்றை எழுதி, சில கணுக்களே (வளையத்தில் உள்ள கணினிகள்) கொண்ட வளையங்களின் எல்லா நிலைகளையும் துருவினார். எப்போதும் மாறாமல் நிற்கும் என்று கூறப்பட்ட ஏழு பண்புகளில் ஒன்றுகூட அப்படி நிற்கவில்லை என்பது 2012-இல் அவர் வெளியிட்ட முடிவு. ஆயிரம் கணுக்களைச் சில வழிகளில் ஓட்டியபோது தென்படாதது, சில கணுக்களை எல்லா வழிகளிலும் ஓட்டியபோது தென்பட்டது.

முறைசார் மாதிரிகளை எழுதுவதற்கான லெஸ்லி லாம்போர்ட்டின் டி.எல்.ஏ.+ மொழியை அமேசான் இதற்காகவே பயன்படுத்தியது; அதன் தரவுத்தளமான டைனமோடிபியில் அகப்பட்ட ஒரு பிழையை வெளிக்கொணரத் தேவையான மிகக் குறுகிய நிகழ்வுத் தொடரே 35 படிகள் கொண்டது. அந்த ஒழுங்கை ஒருவர் கற்பனை செய்து சோதனை எழுதுவார் என்று எதிர்பார்க்க முடியாது.

இரண்டுக்கும் நடுவே, எனக்கு மிகவும் பிடித்த ஒரு வழி இருக்கிறது. ஃபவுண்டேஷன்டிபி என்ற தரவுத்தளத்தை எழுதியவர்கள், வலையமைப்பு, வட்டு, கடிகாரம் ஆகிய அனைத்தையும் மாற்றிச் செருகக்கூடியவாறு அமைத்து, முழுத் தொகுதியையும் ஒரே நூலிழையில் (த்ரெட்) சிமுலேட்டருக்குள் ஓட்டினர். ஓடுவது மாதிரியல்ல, தரவுத்தளத்தின் உண்மை நிரலே. இணைப்புத் துண்டிப்பு, கணினி மறுதொடக்கம், வட்டுப் பழுது ஆகியவை விதையைப் பொறுத்து நிகழும். பிழை தென்பட்டால் அதே விதையோடு ஓட்ட, அதே பிழை அதே இடத்தில் மீண்டும் வரும். பகிர்ந்தியங்கும் அமைப்பில் பிழை தேடி அலைந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆனால் இதை முதல் நாளிலிருந்தே திட்டமிட்டு எழுத வேண்டும். எழுதி முடித்த நிரலில் பின்னர் ஒட்டவைப்பது கடினம்.

சிமுலேஷனையே பல கணினிகளுக்குப் பிரித்துக்கொடுத்து விரைவாக்க முடியுமா?

முடியும், ஆனால் எளிதன்று. ஒவ்வொரு கணினியும் தன் பகுதியின் கடிகாரத்தை நகர்த்தும்போது, கடந்துவிட்ட நேரத்துக்குரிய செய்தி இன்னொரு கணினியிலிருந்து வந்துவிடக் கூடாது. அப்படி வராது என்று உறுதியான பிறகே நகர்வது ஒரு வழி. 1970-களின் இறுதியில் சாண்டியும் மிஸ்ராவும், தனியாகப் பிரையன்ட்டும் உருவாக்கியது. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த மணி சாண்டிதான் அந்தச் சாண்டி. துணிந்து நகர்ந்துவிட்டு, தாமதமாகச் செய்தி வந்தால் பின்னோக்கிப் போய்த் திருத்துவது ஜெஃபர்சன் 1985-இல் வெளியிட்ட வழி. பத்து ஓட்டங்கள் தேவைப்படும் சாதாரண ஆய்வுக்கு இவை எதுவும் வேண்டாம். பத்தையும் பத்துக் கோர்களில் தனித்தனியே ஓட்டுவதே மிகச் சிறந்த பகிர்வு.

என் மாதிரி சரியானது என்று எப்படி அறிவது? அறிக்கையில் எவற்றைக் குறிப்பிட வேண்டும்?

நிரல் நாம் நினைத்ததைச் செய்கிறதா என்பது ஒரு கேள்வி. நாம் நினைத்தது உண்மையோடு ஒத்துப்போகிறதா என்பது வேறு கேள்வி. முதலாவதற்கு, அனுப்பிய பாக்கெட்டுகளின் எண்ணிக்கை, சேர்ந்தவை, தொலைந்தவை, வழியில் இருப்பவை ஆகியவற்றின் கூட்டுத்தொகைக்குச் சமமாக இருக்கிறதா என்று பார்க்கலாம். லிட்டில் விதி பொருந்துகிறதா என்று பார்க்கலாம். சுமையைக் குறைத்துக்கொண்டே வந்தால் தாமதம் அனுப்பும் நேரமும் பரவும் நேரமும் மட்டுமாகச் சுருங்குகிறதா என்று பார்க்கலாம். இரண்டாவதற்கு அளவீடு இல்லாமல் வழியில்லை. சிறிய அளவிலாவது உண்மை அமைப்போடு ஒப்பிட வேண்டும்.

அறிக்கையைப் பொறுத்தவரை, சிமுலேட்டரின் பதிப்பு எண், எல்லா அளவுருக்கள், ஓட்ட எண்கள், நீக்கிய தொடக்கக் காலம், நம்பிக்கை இடைவெளி, நிரல் ஆகியவை இருக்க வேண்டும். நகரும் கருவிகளின் வலையமைப்புகளுக்கான மோபிஹாக் மாநாட்டில் 2000 முதல் 2005 வரை வெளியான 151 கட்டுரைகளை ஆராய்ந்தபோது, 114 கட்டுரைகள் சிமுலேஷனைப் பயன்படுத்தியிருந்தன. மீண்டும் செய்து பார்க்கக்கூடியவை 15 விழுக்காட்டுக்கும் குறைவாகவே இருந்தன.

முதல் பயிற்சியாக எதைச் செய்வது?

சிம்பையில் ஒரே ஒரு வரிசையை எழுதி, மேலே கண்ட 2, 5, 10 மில்லிநொடிகள் கிடைக்கின்றனவா என்று பாருங்கள். சேவை நேரத்தை நிலையாக்கினால் 10 என்பது 5.5 ஆக வேண்டும். அதன்பின் என்.எஸ்-3-க்குப் போகலாம். அதன் பயிற்சிக் கையேட்டின் முதல் நிரலில் இரண்டு கணுக்கள், நொடிக்கு 5 மெகாபிட் இணைப்பு, 2 மில்லிநொடிப் பரவல் தாமதம். 2-ஆம் நொடியில் 1,024 பைட் அனுப்பப்பட்டு, 2.00369-ஆம் நொடியில் போய்ச் சேர்ந்ததாகத் திரையில் வரும். பெரும்பாலானோர் அதைப் பார்த்துவிட்டு அடுத்த நிரலுக்குப் போய்விடுகிறார்கள். போகாமல் கையால் கணக்கிட்டுப் பாருங்கள். 1,024 பைட்டோடு, ஒவ்வொரு நெறிமுறையும் பாக்கெட்டின் முன்னே சேர்க்கும் தலைப்புகளான யு.டி.பி. தலைப்பு 8, ஐ.பி. தலைப்பு 20, பி.பி.பி. தலைப்பு 2 சேர்த்தால் 1,054 பைட், அதாவது 8,432 பிட். 5 மெகாபிட்டில் அனுப்ப 1.6864 மில்லிநொடி, பரவல் தாமதத்தோடு 3.6864. உங்கள் கணக்கில் 2.00364 என்று வந்தால் தலைப்புகளைச் சேர்க்க மறந்துவிட்டீர்கள் என்று பொருள்.